ஜோன்ஸ்டவுன்: கதவு எப்போது அடைபட்டது?

1978 நவம்பர் 18. தென் அமெரிக்காவில் இருக்கும் கயானா நாட்டின் காட்டுக்குள், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதத் தலைவரின் சபையினர் வாழ்ந்த ஜோன்ஸ்டவுன் என்ற குடியிருப்பில் ஒரே மாலையில் 909 பேர், பெரும்பாலும் விஷத்தால், இறந்தார்கள். அவர்களில் முந்நூறு பேருக்கு மேல் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இந்தப் பேச்சு வந்தாலே "இப்படியும் ஏமாறுவார்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேள்வி எனக்கு உறுத்துகிறது. எதை நம்பினார்கள் என்பதை விட்டுவிட்டு, நம்பிக்கை விட்டுப்போன பிறகும் ஏன் கிளம்ப முடியவில்லை என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

ஜிம் ஜோன்ஸ் 1950களில் இண்டியானாபொலிஸில் தொடங்கிய மக்கள் ஆலயம், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழிபட்ட சபை. அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சாதாரணக் காரியம் கிடையாது. பசித்தவருக்குச் சாப்பாடு போட்டார்கள், முதியவர்களைப் பராமரித்தார்கள். 1965இல் கலிபோர்னியாவுக்கு இடம் மாறிய பிறகு போதையில் விழுந்த இளைஞர்களை மீட்டார்கள். 1976இல் சான் பிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்துக்கு ஜோன்ஸை உறுப்பினராக்கினார்கள். பிறகு அவரே தலைவரானார். நகரத் தலைவர்களே மதித்த மனிதரை, தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டி சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? சேவை நிஜம். அதனால்தான் ஏமாற்றைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

அற்புதங்கள் நிஜமில்லை. அவை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புதிதாக வருபவரின் வீட்டுக்கு முன்கூட்டியே ஆள் போவார். குப்பையைக் கிளறுவார், மருந்து அலமாரியை நோட்டமிடுவார். அந்தத் தகவல் துண்டுச்சீட்டில் ஜோன்ஸுக்கு வரும். கூட்டத்தில் அவர் அதைத் தெய்வ வாக்குபோல் சொல்லும்போது உட்கார்ந்திருப்பவருக்கு உடல் சிலிர்க்கும். 'புற்றுநோய்' குணமாவது இதைவிட மோசம். நோயாளியை உதவியாளர் கழிவறைக்கு அழைத்துப் போவார். திரும்பும்போது அழுகிய கோழிக் குடலோ கல்லீரலோ ஒரு துணியில் இருக்கும். கட்டி வெளியே வந்துவிட்டது என்று அறிவிப்பார்கள். கிட்டே வராதீர்கள், தொற்றிக்கொள்ளும் என்பார்கள்.

என் மனதில் தங்கிவிட்டவர் அந்தத் துணியைப் பிடித்திருந்த உதவியாளர்தான். அது கோழி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், இதனால் நாலு பேருக்கு நம்பிக்கை வருகிறது, நல்ல காரியத்துக்குத்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். ஒருமுறை கை நனைத்தவருக்கு அதன் பிறகு வெளியே போய் உண்மை பேசுவது தன்மீதே புகார் கொடுப்பது மாதிரி. தலைவரை மாத்திரம் பார்த்தால் இந்த முடிச்சு தெரியாது. நெருங்கியவர்களை ஒவ்வொருவராகக் குற்றத்தில் பங்காளியாக்குவதில்தான் இந்த மாதிரி சபைகளின் உள்வட்டம் இறுகுகிறது.

பணமும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் காணிக்கை, அப்புறம் வருமானத்தில் ஒரு பெரும்பங்கு, அப்புறம் சம்பளம் முழுவதும், கடைசியில் வீட்டுப் பத்திரம். முதியவர்களின் மாதாந்திர அரசு உதவித்தொகைக் காசோலைகளும் சபைக்கே போயின. இதோடு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். செய்யாத குற்றங்களை, தன் சொந்தக் குழந்தையிடம் தகாதபடி நடந்துகொண்டேன் என்பதைக்கூட, எழுதித் தரச் சொன்னார்கள். விசுவாசத்துக்கு அடையாளம் என்றார்கள். எழுதித் தந்தவர் பிறகு எங்கே போய் வாய் திறப்பார்?

1977 கோடையில் சபையின் உள்விவகாரங்களை ஒரு பத்திரிகை வெளியிடப்போகிறது என்று தெரிந்ததும் ஜோன்ஸ் கயானாவுக்குப் போய்விட்டார். சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்தார்கள். தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். படகில் போக வேண்டும், அல்லது சிறு விமானத்தில். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகே அனுப்பினார்கள். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை வயல் வேலை, சோறும் பருப்புவகையும்தான் சாப்பாடு, அதுவும் போதாது. ஒலிபெருக்கியில் பல மணி நேரம் ஜோன்ஸின் குரல். வெளியுலகச் செய்தியும் அவர் வாயிலிருந்துதான். பசி, தூக்கமின்மை, ஒரே குரல் இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு படித்தவருக்கும் யோசிக்கத் தெம்பு இருக்காது.

1978 மே மாதம் தப்பி வந்த டெபோரா லேட்டன் பிரமாணப் பத்திரத்தில் எழுதியது இது: 'வெள்ளை இரவு' என்று அறிவித்து நள்ளிரவில் எல்லோரையும் எழுப்புவார்கள். ஒருமுறை குழந்தைகள் உட்பட எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சிறு கோப்பையில் சிவப்புத் திரவம் கொடுத்தார்கள். இதில் விஷம் இருக்கிறது, 45 நிமிடத்தில் இறந்துவிடுவோம் என்றார்கள். குடித்தார்கள். நேரம் வந்ததும், விஷம் எதுவுமில்லை, இது விசுவாசப் பரிசோதனை என்று ஜோன்ஸ் சொன்னார். இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். பலமுறை ஒத்திகை பார்த்த உடம்புக்கு, நிஜமான நாள் வரும்போது அது நிஜம் என்று எப்படித் தெரியும்?

அந்த நாள் வந்தது. நிலைமையை நேரில் பார்க்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனோடு, சபையை விட்டு வெளியேற விரும்பிய பதினைந்து பேர் அளவில் கிளம்பினார்கள். போர்ட் கைட்டுமா விமான ஓடுதளத்தில் ரயன் உட்பட ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியிருப்பில் ஃப்ளேவர் எய்ட் பானத்தில் சயனைடும் மயக்க மருந்துகளும் கலந்த தொட்டி தயாரானது. ராணுவம் வரும், குழந்தைகளைச் சித்திரவதை செய்யும் என்றார் ஜோன்ஸ். சுமார் 44 நிமிட ஒலிநாடாவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கிறிஸ்டீன் மில்லர் என்ற பெண் எழுந்து, சபை முன்பு பேசிவந்தபடி ரஷ்யாவுக்குக் குடிபோக இன்னும் வழி இருக்கிறதா என்று கேட்கிறார். இந்தக் குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். அவரை அடக்கியது துப்பாக்கி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கூச்சல். பிறகு, குழந்தைகள் அழுவது வலியால் இல்லை, கசப்பினால்தான் என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. சயனைடு செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் விஷம். அந்தச் சாவு வலியில்லாதது கிடையாது.

குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள், வாயில் ஊசிக்குழாயால் பீய்ச்சி. சுற்றிலும் ஆயுதம் ஏந்திய காவலர்கள். சில உடல்களில் ஊசி குத்திய தடங்களைக் கண்டதாகக் கயானாவின் நோயியல் மருத்துவர் லெஸ்லி மூட்டூ சொன்னார். அமெரிக்காவில் முழுப் பிரேதப் பரிசோதனை நடந்தது ஏழு உடல்களுக்குத்தான். இதைக் 'கூட்டுத் தற்கொலை' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். கைக்குழந்தை எப்படித் தற்கொலை செய்துகொள்ளும்?

ஆகவே ஒரு குருவையோ சபையையோ எடைபோடும்போது போதனை சரியா என்று நான் பார்ப்பதில்லை. அந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. அடையாள ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன? சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது? குழந்தை பெற்றோரோடு தூங்குகிறதா? எதிலாவது வெற்றுக் கையெழுத்து வாங்கினார்களா? விலகிப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. போனவனெல்லாம் துரோகி என்றால், உள்ளே இருப்பவனும் கைதிதான்.

உள்ளே இருப்பவரின் வீட்டார் செய்யக்கூடியது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. "அவரா, நானா?" என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்குச் சாதகமாக வராது. குருவைத் திட்டினால் அந்தத் திட்டே அங்கே ஆதாரமாகிவிடும். ஜோன்ஸ்டவுனில் உறவினர்களின் நியாயமான புகார்களைக்கூட எதிரியின் சதி என்றுதான் உள்ளே சொன்னார்கள். உடம்பு எப்படியிருக்கிறது, சாப்பிட்டாயா என்று சின்னப் பேச்சையாவது விடாமல் தொடருங்கள். அவருடைய ஆவணங்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்க இடம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதே நவம்பர் 18 காலையில், ரயனின் குழு கிளம்புவதற்கு முன்பே, சிறு குழு ஒன்று சிற்றுலா போவதாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நடந்தது. ஒரு தாய் தன் மூன்று வயது மகனை முதுகில் கட்டிக்கொண்டிருந்தாள். ஏறத்தாழ முப்பது மைல் நடந்து, ரயில் பாதையைப் பிடித்து, மேத்யூஸ் ரிட்ஜ் என்ற ஊரை அடைந்தார்கள்.