லக்கேஜை எண்ணாத ஆங்கிலம்

ஹோட்டல் வேலையில் புழங்கும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். லக்கேஜ், எக்கொமடேஷன், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், டிரான்ஸ்போர்ட், லோண்ட்ரி, பிரெட், ட்ரஃபிக், வெதர், அட்வைஸ். எல்லாமே எண்ண முடியாத ரகம். சாதாரணமாக இவற்றுக்குப் பின்னால் 'ஸ்' போட முடியாது, முன்னால் 'எ' போட முடியாது, 'மெனி' சேராது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்த உதாரணங்கள் வோட்டர், மில்க், சேண்ட். தண்ணீரை எண்ண முடியாதென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அதற்கு ஒரு பாடம் எதற்கு? வாசலில் வரிசையாக நிற்கும் நாலு சூட்கேசை ஆங்கிலம் எண்ணாது என்பதைத்தான் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

நான் இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஓ.எல். என்ற பள்ளிப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குச் சாதாரண சித்தி. பேச்சுக்கு அது போதும். கை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, கேட்கிறவரும் பாதியை ஊகித்துக்கொள்வார். சிக்கல் எழுத்தில் தொடங்கியது. அறை பதிவு செய்கிறவர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இனி நான்தான் பதில் எழுத வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்குப் போக எவ்வளவு நேரம், எல்ல என்ற ஊருக்கு எத்தனை ரயில், பெட்டிகளை வைத்துவிட்டுப் போக இடம் உண்டா, சுடுதண்ணி போதுமான அளவு வருமா. அளவுச் சொல் இல்லாமல் ஒரு பதிலும் எழுத முடியவில்லை.

முதலில் கைகொடுத்தது தமிழ். நம்மிடம் 'எத்தனை'யும் 'எவ்வளவு'ம் தனித்தனியாக இருக்கின்றன. எத்தனை கப், எவ்வளவு சீனி. எத்தனை நாள், எவ்வளவு நேரம். 'எத்தனை' வரும் இடத்தில் 'மெனி', 'எவ்வளவு' வரும் இடத்தில் 'மச்' என்று வைத்துக்கொண்டால் பாதித் தூரம் போய்விடலாம். 'கொஞ்சம்', 'நிறைய' இரண்டும் நம் பேச்சில் எல்லாவற்றோடும் ஒட்டும், கொஞ்சம் பேர் என்போம், கொஞ்சம் தண்ணி என்போம். ஆங்கிலத்திலும் அப்படி இரண்டு பக்கமும் ஒட்டுகிற சொற்கள் உண்டு. சம், எனி, இனஃப், எ லொட் ஒஃப், ப்ளென்டி ஒஃப். தடுமாறும் நேரத்தில் 'எ லொட் ஒஃப்' போட்டுத் தப்பிக்கலாம். இதை இலக்கணம் தெரிந்தவர்கள் வெளியே சொல்வதில்லை.

மிச்சப் பாதித் தூரத்தில் தமிழே காலை வாரும். தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள், செய்திகள் என்று நாம் தாராளமாக 'கள்' போடுகிறோம். அதே கையோடு ஆங்கிலம் எழுதினால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்றுதான் வரும். பெரிய எழுத்தில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதிய கடைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. 'நியூஸ்' இன்னும் மோசம். பின்னால் 'ஸ்' இருக்கிறது, ஆனால் அது ஒருமை, 'நியூஸ் இஸ்' என்றுதான் எழுத வேண்டும்.

எனக்கு வழி திறந்தது இலக்கணப் புத்தகத்தில் இல்லை, வீட்டில். அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பின்னேரம் வந்து உட்கார்ந்ததும் வழக்கமாக நான் கேட்பது, "இன்னைக்கு எத்தனை கிலோம்மா?" அன்றைக்கும் அப்படித்தான் கேட்டேன். கேட்ட வாய் மூடுமுன் வேறொன்று உறைத்தது. 'எத்தனை கொழுந்து' என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. அம்மாவின் கை ஒவ்வொரு கொழுந்தாகத்தான் கிள்ளுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அது தனித்தனிப் பொருள்தான். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைத் தராசில் மாட்டியதும் அது மொத்தச் சரக்கு. கணக்கப்பிள்ளை எண்ணுவது கிலோவை. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதும் கிலோவில். அப்புறம் யாருக்குக் கொழுந்தின் எண்ணிக்கை வேண்டும்?

லக்கேஜும் கொழுந்து மாதிரித்தான். உள்ளே எண்ணக்கூடிய பெட்டிகள் இருக்கின்றன, ஆனால் 'லக்கேஜ்' என்ற பெயர் மொத்தச் சரக்குக்கு வைத்த பெயர். ஃபர்னிச்சர் என்றால் மேசை கதிரை எல்லாம் சேர்ந்த மொத்தம். எண்ண வேண்டுமென்றால் சூட்கேஸ், பேக், டேபிள், செயார் என்ற சொற்களுக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் 'கிலோ' மாதிரி ஒரு அலகைக் கொண்டுவர வேண்டும். 'த்ரீ பீசஸ் ஒஃப் லக்கேஜ்', 'எ பீஸ் ஒஃப் அட்வைஸ்', 'டூ ஸ்லைசஸ் ஒஃப் பிரெட்', 'எ லோஃப் ஒஃப் பிரெட்'. பன்மை அலகில்தான் ஏறும், சரக்கில் ஏறாது. பொருளை எண்ண முடியுமா என்று யோசிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். இந்தப் பெயர் தனிப் பொருளுக்கு வைத்ததா, மொத்தத்துக்கு வைத்ததா என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

வேடிக்கை என்னவென்றால், தேயிலைத் தொழிலின் ஆங்கிலமும் இப்படியே பேசுகிறது. அகராதியில் 'லீஃப்' எண்ணத்தக்க சொல், பன்மை 'லீவ்ஸ்'. ஃபேக்டரிக்குள் பச்சைக் கொழுந்துக்கு 'கிரீன் லீஃப்' என்றுதான் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான கிலோ வந்து இறங்கினாலும் அது 'லீஃப்'தான், 'லீவ்ஸ்' ஆகாது.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி போட்டேன். அகரவரிசையில் போடவில்லை, கட்டடத்தின் வரிசையில் போட்டேன். வாசல், வரவேற்பு மேசை, அறை, குளியலறை, சாப்பாட்டு அறை, சமையலறை. ஒவ்வொரு இடத்திலும் கண்ணில் படும் பொருளை எழுதி, அது மொத்தச் சரக்கு என்றால் பக்கத்திலேயே அதன் அலகையும் எழுதினேன். சோப் என்றால் 'எ பார் ஒஃப் சோப்'. டொய்லட் பேப்பர் என்றால் 'எ ரோல்'. ஜாம் என்றால் 'எ ஜார்'. சந்தேகம் வந்தால் கற்போருக்கான அகராதி. அதில் எண்ணத்தக்கதற்கு 'சி', எண்ண முடியாததற்கு 'யூ' என்று குறி இருக்கும். இந்த வழக்கத்துக்கு ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1942இல் அங்கேயே வெளியிட்ட அகராதியில் பெயர்ச்சொற்களை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். ஜப்பான் மொழியிலும் பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயப் பன்மை கிடையாது. ஆங்கிலேயருக்குத் தேவைப்படாத குறி அது, நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தேவை.

கொப்பியில் சில சொற்களுக்கு இரண்டு குறியும் போட வேண்டி வந்தது. அவைதான் சுவாரசியமானவை. 'டீ' மொத்தச் சரக்கு, ஆனால் மேசையில் வந்து உட்கார்ந்தவர் 'டூ டீஸ் ப்ளீஸ்' என்றால் இரண்டு கப். தேயிலை ஏல அறிக்கையில் 'ஊவா டீஸ்' என்றால் எங்கள் ஊவா மாகாணத்தின் தேயிலை வகைகள். 'ரூம்' என்றால் அறை, எண்ணலாம். 'இஸ் தெயார் எனி ரூம்' என்று ஒருவர் வேனிலிருந்து தலையை நீட்டிக் கேட்டால் அவர் கேட்பது அறையை அல்ல, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று. 'ஹவ் மச் டைம்' என்றால் எவ்வளவு நேரம், 'ஹவ் மெனி டைம்ஸ்' என்றால் எத்தனை தடவை. 'ஹெயார்' மொத்தத் தலைமுடி, எண்ண முடியாது. சூப்பில் கிடந்தால் மட்டும் 'எ ஹெயார்', ஒரே ஒரு முடி. சமையல்காரருக்கு இதை விளக்கினேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எனக்கு நேரம் பிடித்தது 'ஃபியூ'வும் 'எ ஃபியூ'வும்தான். எண்ணிக்கையில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. பண்டாரவளையிலிருந்து இரவில் வரப்போகும் ஒருவர் பஸ் உண்டா என்று கேட்டிருந்தார். ஆறு மணிக்குப் பிறகு 'தெயார் ஆர் ஃபியூ பஸஸ்' என்று எழுதி வைத்திருந்தேன். அனுப்புமுன் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பஸ் இருக்குன்னு சொல்றியா, இல்லைன்னு சொல்றியா?" என்றார்.

"இருக்கு சேர். ஒன்னு ரெண்டு இருக்கு."

"அப்ப ஒரு 'எ' போடு. இத வாசிச்சா அவர் பஸ்ஸே இல்லன்னு பயந்து டாக்சி புடிச்சிருவார்."

'எ' இல்லாவிட்டால் 'பஸ் பெரிசா இல்லை, நம்பி வராதீங்க'. 'எ' இருந்தால் 'ஒன்னு ரெண்டு இருக்கு, சமாளிக்கலாம்'. 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டுக்கும் இதே கதை. 'வீ ஹேவ் லிட்டில் ஹொட் வோட்டர்' என்று எழுதினால் விருந்தாளி வேறு இடம் தேடுவார், 'எ லிட்டில்' என்றால் சீக்கிரம் குளித்துவிடுவார். பேச்சில் இந்த வித்தியாசத்தை நாம் குரலாலும் முகத்தாலும் காட்டிவிடுகிறோம். எழுத்தில் அந்த ஓரெழுத்துத்தான் முகம்.

'மச்' பற்றி ஒரு வார்த்தை. விதி சரி என்பதற்காக 'வீ ஹேவ் மச் ரெயின் இன் நவம்பர்' என்று எழுதினால் பிழை இல்லை, ஆனால் காதுக்கு இடிக்கும். கேள்வியிலும் மறுப்பிலும் 'மச்' இயல்பாக உட்காரும். இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தில் 'எ லொட் ஒஃப் ரெயின்' தான் ஆட்கள் பேசுகிற ஆங்கிலம். 'டூ மச்', 'சோ மச்' என்று முன்னால் துணை இருந்தால் பரவாயில்லை.

மற்றவை சீக்கிரம் பிடிபட்டன. கேள்விக்கு 'எனி' என்று படித்திருந்தாலும், தேநீர் வேண்டுமா என்று உபசரிக்கும்போது 'சம்'தான் மரியாதை, 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அது. 'ஈச்', 'எவ்ரி' இரண்டுக்கும் பின்னால் ஒருமை. 'நம்பர் ஒஃப்' எண்ணத்தக்கதற்கு, 'எமௌன்ட் ஒஃப்' மொத்தச் சரக்குக்கு. 'மோஸ்ட் ஒஃப் கெஸ்ட்ஸ்' கூடாது, 'மோஸ்ட் கெஸ்ட்ஸ்' அல்லது 'மோஸ்ட் ஒஃப் த கெஸ்ட்ஸ்'.

'லெஸ்', 'ஃபியூவர்' விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரர்களே ஒரு நிலையில் இல்லை. விதிப்படி ஆட்களுக்கு 'ஃபியூவர்', மழைக்கு 'லெஸ்'. தூரம், காசு, நேரம் மூன்றும் எண்ணோடு வந்தாலும் மொத்தமாகவே கணக்கு, அதனால் 'லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்'. இந்த விதியின் வேர் 1770இல் ரொபர்ட் பேக்கர் என்பவர் எழுதிய ஒரு குறிப்பு என்கிறார்கள். 'நூறுக்குக் குறையாத' என்று சொல்ல 'ஃபியூவர்'தான் தனக்கு நயமாகவும் சரியாகவும் படுகிறது என்று அவர் எழுதினார். ஒரு மனிதரின் காதுக்குப் பட்டது நம் பரீட்சைத் தாள் வரைக்கும் வந்திருக்கிறது. லிப்டன் சீட்டுக்கு விடியற்காலையில் போய்வந்த இங்கிலாந்துப் பெண் ஒருவர் 'லெஸ் பீப்பிள், லவ்லி' என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேசைக்குப் போனார். நான் பதில்களில் 'ஃபியூவர்' என்றே எழுதுகிறேன், முதலாளி வாசிப்பார். நேரில் 'லெஸ்' என்று யாராவது சொன்னால் 'யெஸ், லெஸ்' என்றுவிட்டு டோஸ்ட் எத்தனை ஸ்லைஸ் வேண்டும் என்று கேட்கப் போய்விடுகிறேன்.