10,363

22 அக்டோபர் 2017, ஞாயிறு

மூன்றாம் கால்பகுதியில் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் ஜோ தாமஸ் தரையில் கிடந்தார், இடது கையைப் பிடித்துக்கொண்டு. "எழுந்துடுவான்" என்றார் அப்பா. எழுந்தார்தான். ஆனால் வரிசைக்குத் திரும்பவில்லை, வெளியே நடந்தார். அடுத்த ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் தந்து ஆட்டம் தொடங்கும்போது, தடுப்பு வரிசையின் இடது ஓரமான லெஃப்ட் டாக்கிள் இடத்தில் ட்ராங்கோ வந்து குனிந்து நின்றார். பத்து வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஓவர்டைமில் டென்னசியிடம் 12-9 தோல்வி. அதை ராத்திரிதான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

23 அக்டோபர்

ட்ரைசெப்ஸ் கிழிந்துவிட்டது. இந்த சீசன் அவ்வளவுதான். நான் சொல்லாமல் இருந்தேன். டிவி சொல்லிவிட்டது. அப்பா வலது கையால் தன் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

26 அக்டோபர்

10,363. தாமஸ் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து நின்ற ஸ்னாப்புகள். தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது இந்த எண்.

2007 செப்டம்பர் 9, பிட்ஸ்பர்க்கோடு முதல் ஆட்டம், 34-7 என்று நொறுங்கிய நாள். அன்றிலிருந்து கிளீவ்லேண்ட் பந்தோடு இறங்கிய ஒவ்வொரு முறையும் 73-ஆம் எண் சட்டையோடு அவர் களத்தில் இருந்தார். 40 புள்ளி பின்னால் இருந்தாலும் சரி, எலும்பு உறைகிற டிசம்பரானாலும் சரி. 167 ஆட்டம், ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள். பின்னால் நின்று பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகள் இருபது பேர் இருக்கும்.

இந்த விளையாட்டைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். இங்கே வந்த முதல் வருடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "பந்து பின்னாடி போகாதேடா, எல்லாரும் அதைத்தான் பாக்கறான். இவன் காலைப் பாரு." அப்போதிருந்து நாங்கள் இருவரும் திரையின் இடது ஓரத்தைத்தான் பார்ப்போம். பந்து கைமாறியதும் இடது கால் பின்னால் சறுக்கும், வலது கால் தொடரும், இடுப்பு மட்டும் உயரவே உயராது. எதிரே ஓடி வருகிறவன் 120 கிலோ. அவன் மார்பில் இரண்டு கையையும் சரியான நொடியில் வைத்து நீட்டிப் பிடித்துவிட்டால் முடிந்தது. குவார்ட்டர்பேக் வலது கைக்காரன் என்றால் எறியத் திரும்பும்போது அவன் முதுகு இந்தப் பக்கம்தான். தனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை.

அந்தக் கையை நீட்டுவது ட்ரைசெப்ஸ். அதுதான் போயிருக்கிறது.

ஓடுகிறவனுக்கு யார்டு கணக்கு உண்டு, பிடிக்கிறவனுக்குப் பிடித்த கணக்கு உண்டு. வரிசையில் நின்று தடுக்கிற லைன்மேனுக்கு ஒன்றும் கிடையாது. ஹோல்டிங், எதிராளியைப் பிடித்து நிறுத்தினான் என்று பத்து யார்டு தண்டனை விழும்போதுதான் நடுவர் அவர் எண்ணைச் சொல்வார். நின்றான், நின்றான், நின்றான் என்று எண்ணினால்தான் ஒரு எண் கிடைக்கும்.

29 அக்டோபர்

லண்டன் ஆட்டம், இங்கே காலை ஒன்பதரை. 33-16 தோல்வி. அப்பா தூங்கிவிட்டார். நானும் அணைத்துவிட்டேன்.

14 நவம்பர்

இன்று தெரபிஸ்ட் எனக்குத்தான் பாடம் எடுத்தார். அப்பா இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, "காலை அகட்டி வையுங்கள். முதுகைக் குனியாதீர்கள், முட்டியை மடக்குங்கள். இடுப்பு கீழே இருக்கட்டும். கைகளை நெருக்கமாக வையுங்கள்." நான்கு முறை தூக்கி உட்காரவைத்தேன். ஐந்தாவது முறை அப்பா என் காதில் "கால்... காலைப் பாரு" என்றார்.

4 டிசம்பர்

இன்று தாமஸுக்கு 33 வயது.

10 டிசம்பர்

நான்காம் கால்பகுதியில் 21-7 முன்னிலை. பார்த்துக்கொண்டே இருந்தோம், கிரீன் பே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா அழுதார். ஆட்டத்துக்காகவா தெரியவில்லை.

13 டிசம்பர்

தூக்கம் இல்லை. ஜூலையில் வந்த பாஸ்டன் ஆய்வை எடுத்து மறுபடி படித்தேன். இறந்துபோன என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-இல் சி.டி.இ., தலையில் படும் இடிகளால் வரும் மூளைச் சிதைவு. சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருக்கும், எல்லா வீரர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சரி. ஆனாலும் 110. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு லைன்மேனிடம்தான், பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர், 50 வயதில் போனவர். பெரிய மோதல் ஒன்றிரண்டு போதாது இதற்கு, சின்னச் சின்ன இடிகளே வருடக்கணக்கில் சேர்ந்து செய்யுமாம். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் ஒன்று. அப்படியென்றால் நாங்கள் கொண்டாடி எண்ணிக்கொண்டிருந்தது என்ன? ஞாபகம் குறைவதைத் தாமஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அப்பா சாயங்காலம் என்னைச் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தவில்லை. "என்ன அண்ணா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ.

15 டிசம்பர்

முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை.

16 டிசம்பர்

இன்று நான் தூக்கவில்லை. என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து உட்காரவைத்தார்கள். நன்றாகவே செய்தார்கள். நான் கதவோரம் சுவரைப் பிடித்தபடி நின்றேன். அப்பா அவர்கள் தோளுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லாவிட்டாலும் நடக்கத்தான் செய்கிறது. இதற்கு நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் தொண்டை அடைக்கிறது?

அக்கா போன் செய்தாள். "நீ ஒருத்தனே எல்லாத்தையும் தூக்கணும்னு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை.

20 டிசம்பர்

மறுபடி தூக்கினேன். மெதுவாக.

31 டிசம்பர்

கடைசி ஆட்டமும் தோல்வி, 28-24. பதினாறில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, 0-16. 2008-இல் டெட்ராய்ட், இப்போது நாம்.

6 ஜனவரி 2018

அந்தக் குளிரில் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போயிருக்கிறார்கள், பூஜ்யம் மாதிரி வட்டமாக. ஃபுட் பேங்குக்குப் பணமும் பொருளும் சேர்த்தார்களாம், அது நல்லதுதான். மற்றபடி எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் 48 வெற்றி, 128 தோல்வி. சீசன் முடிவில் வரும் ப்ளேஆஃப் நாக்-அவுட்டில் ஒரு ஆட்டம்கூட இல்லை. முதல் வருடம் பத்து ஜெயித்தும் உள்ளே போகவில்லை. அப்படிப்பட்ட அணியிலிருந்து முதல் பத்து வருடமும் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானவர் இருக்கும்போது பூஜ்யத்தைச் சுற்றி எதற்கு நடக்க வேண்டும்?

9 பிப்ரவரி

கஞ்சி, மூன்று கரண்டி. நான்காவதற்கு வாயை மூடிக்கொண்டார்.

140 கிலோ உடம்பைக் குறையாமல் வைத்திருப்பதே லைன்மேனுக்கு ஒரு வேலையாம், பசி இல்லாவிட்டாலும் சாப்பிட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். இன்னொரு கரண்டி.

24 பிப்ரவரி

தாமஸின் மீன் கதை இன்று மூன்று முறை. "நியூயார்க் மேடைக்கு வான்னு கூப்பிட்டாங்க. போகலைடா அவன். அப்பாவோட படகுல போய் மிச்சிகன் ஏரியில மீன் பிடிச்சிண்டிருந்தான். மூணாவது ஆளா பேரு வாசிக்கறான் இங்க, அவன் அங்க தூண்டிலோட இருக்கான்." ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வது போலவே சிரிக்கிறார். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட் நாள், 2007 ஏப்ரல் 28. மூன்று முறையும் முழுதாகக் கேட்டேன்.

3 மார்ச்

தியாகராஜ ஆராதனைக்குப் போக வேண்டும் என்கிறார் அப்பா. கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் வரை காரில் அரை மணி நேரம்தான். ஆனால் காரில் ஏற்றுவது?

14 மார்ச்

தாமஸ் ஓய்வு பெற்றுவிட்டார். செய்தியை நானே அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கை சரியாயிடுத்தா?" என்று மட்டும் கேட்டார். ஆயிடுத்துப்பா என்றேன்.

10,363.

17 மார்ச்

காரில் ஏற்றிப் பார்த்தோம். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதலில் உட்காரவைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக. இடது கை கதவில் மாட்டப் பார்த்தது, மனைவி பிடித்துக்கொண்டாள். இறக்குவதுதான் கஷ்டம். நாளைக்கு இன்னொரு முறை.