'நீங்கள்' எந்தப் பக்கத்தில் 'நீ' ஆனது?

என் காதல் நாவலை எழுதி முடிக்க ஏழு மாதம் ஆனது. அது புத்தகமாகக் கைக்கு வர அதற்கு மேல் இரண்டே கால் வருடம். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எப்படி உட்கார்ந்து எழுதினாய், தினமும் எழுதுவாயா, எத்தனை மணிக்கு எழுவாய் என்று. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மீதிக்குப் போகிறேன்.

முதலில் நானோரைமோ முறையில் எழுதிப் பார்த்தேன். 1999இல் தொடங்கி 2025இல் மூடப்பட்டுவிட்ட அந்த நவம்பர் மாத எழுத்துச் சவாலில் 30 நாளில் 50,000 வார்த்தை எழுத வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 1,667. பன்னிரண்டாம் நாள் 11,000இல் படுத்துவிட்டேன். ஒரு வாரம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தையாக எழுத வேண்டியதை நாம் 'வந்துகொண்டிருந்தவனிடம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அப்புறம் ஒரு நாளைக்கு 400 என்று வைத்துக்கொண்டேன். பல நாள் அதுவும் நடக்கவில்லை. ஏழு மாதத்தில் 62,000 வார்த்தை சேர்ந்தது, அவ்வளவுதான்.

கதை இதுதான். கௌசல்யா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவள். மாறன் இறந்துபோன அப்பாவின் கடிகாரத்தைக் கொண்டுவருகிறான். "ஓட வைக்க வேண்டாம், நின்ற நேரத்திலேயே இருக்கட்டும், உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்கிறான். அந்தக் காட்சி எனக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. கிடைத்தது அது ஒன்றுதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆறு வாரம் கோப்பைத் திறக்காமல் இருந்துவிட்டு எடுத்துப் படித்தேன். ஏதோ இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை, சரி என்று தேடல் பெட்டியில் 'பெருமூச்சு' என்று போட்டேன். 63. 'புன்னகை' 118. ஒரு அத்தியாயத்தில் இருவரும் மாறி மாறி ஒன்பது தடவை பெருமூச்சு விடுகிறார்கள், காதலர்களா ஆஸ்துமா நோயாளிகளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதே சூட்டில் 'கௌசல்யா' எத்தனை முறை வருகிறாள் என்று தேடினால் பாதி அத்தியாயங்களில் அவளையே காணோம்! கண்ணுக்குத் தெரிகிறாள், தேடினால் இல்லை. காரணம், அவசரத்தில் பல இடங்களில் ஔகாரக் குறியைப் போடாமல் எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருக்கிறேன், 'கெளசல்யா' என்று. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள். கதாநாயகிக்கு ஔகாரத்தில் பெயர் வைக்கப்போகிறவர்கள் இதை முதலிலேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் நண்பர், நன்றாக இருக்கிறது என்றார், பயனில்லை. இன்னொருவர் காதல் நாவலே படிக்காதவர். "ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு" என்று குறைபட்டார். தமாஷ் என்னவென்றால் என் முதல் வடிவத்தில் அவர்கள் சேரவே இல்லை, அவர் கடைசி வரை படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாமவர் வருடத்துக்கு நூறு காதல் நாவல் படிக்கிற அக்கா. நான் மாறனைக் கடைசியில் கொன்றிருந்தேன். சோகமாக முடித்தால் இலக்கியம் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. அக்கா சொன்னது: "இது காதல் கதைதான்டா. ஆனா ரொமான்ஸ் இல்ல. ரெண்டும் வேற." எனக்குக் கோபம் வந்தது. பிறகு தேடிப் பார்த்தால் ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்கிற சங்கமே இரண்டு நிபந்தனைதான் வைத்திருக்கிறது. நடுநாயகமாக ஒரு காதல் கதை இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். 'என்றென்றும் இன்பமாக' என்று முடிக்கலாம், அல்லது 'இப்போதைக்கு இன்பமாக' என்றாவது விடலாம். சேர்வார்களா என்பதற்காக யாரும் இதைப் படிப்பதில்லை, இத்தனைக்கும் பிறகு எப்படிச் சேர்வார்கள் என்பதற்காகப் படிக்கிறார்கள். மூன்று வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு மாறனை உயிர்ப்பித்தேன்.

அக்காவின் இரண்டாவது குறிப்பு இன்னும் மோசம். என் நாவலில் அவர்களைப் பிரிப்பது ஒரு தவறான புரிதல், அவன் போனில் பேசுவதைப் பாதியில் கேட்டுவிட்டு அவள் விலகிப் போகிறாள், அதை வைத்தே பதினாலு அத்தியாயம் ஓட்டியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இவ ஒரு போன் போட்டு கேட்டா கதை முடிஞ்சது." பதினாலு அத்தியாயமும் போயிற்று.

மூன்றாவது குறிப்பில்தான் நாவல் பிழைத்தது. அது ஒரு கேள்வி. "மூணாவது அத்தியாயத்திலேயே இவன் அவளை 'நீ'ங்கிறான். யார் குடுத்த உரிமை? அவ மட்டும் கடைசி வரைக்கும் 'நீங்க'ன்னே சொல்லிட்டு இருக்கா. அவளுக்கு எப்போ உரிமை வரும்?"

நான் யோசித்தே இருக்கவில்லை. நான் படித்து வளர்ந்த கதைகளில் எல்லாம் அப்படித்தான் இருந்தது, கை அதையே எழுதிவிட்டது. இதில் ஒழுங்குகூட இல்லை, நாலாம் அத்தியாயத்தில் 'நீ', ஆறில் 'நீங்கள்', ஏழில் மறுபடி 'நீ'. முதல் முத்தத்தைப் பற்றி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கவே இல்லை. நம் மொழியில் ஒருவரை 'நீ' என்று கூப்பிடுவதற்கு முன் எத்தனை தயக்கம் இருக்கிறது, சிலர் 'வந்தாச்சா, சாப்பிட்டாச்சா' என்று ஆளையே சொல்லாமல் மாதக்கணக்கில் பேச்சை ஓட்டிவிடுவார்கள். ரொமான்ஸ் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இருவரையும் 'நீங்கள்' என்றே பேச வைத்து முதலிலிருந்து எழுதினேன். எங்கே மாறுவது? முத்தத்துக்குப் பிறகு என்றால் சினிமாத்தனமாக இருந்தது. பதினொரு தடவை எழுதிப் பார்த்தேன். கடைசியில் கடிகாரத்தில்தான் விடை இருந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லியும் கௌசல்யா அதைத் திறந்து, சுத்தம் செய்து, ஓட வைத்துவிடுகிறாள். அவனை மகிழ்விக்கலாம் என்று நினைத்துச் செய்கிறாள். அவன் கையில் வாங்கிக் காதருகே வைக்கிறான், முகம் செத்துப்போகிறது. இப்போது போன் போட்டுத் தீர்க்க முடியாத தப்பு ஒன்று நடந்துவிட்டது, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சண்டை முற்றுகிறது. "நின்னு போன நேரத்துலயே நீ எத்தனை நாள் உட்கார்ந்திருப்பே?" என்று அவள் கேட்டுவிடுகிறாள். கேட்ட பிறகுதான் 'நீ' என்று சொன்னது அவளுக்கே உறைக்கிறது. முதல் 'நீ' கோபத்தில் வந்தது. அந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி பதிப்பாளர் தேடல். ஒரு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், அறிமுகக் கடிதம். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும், 'மீதியை நாவலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று சஸ்பென்ஸ் வைத்துத்தான் முதல் இரண்டு இடங்களில் தோற்றேன் என்று நினைக்கிறேன். ஏழு இடத்துக்கு அனுப்பினேன். நாலு இடத்தில் பதிலே இல்லை. ஒன்று, இப்போது காதல் நாவல் எடுப்பதில்லை என்ற ஒரு வரி. இன்னொன்று மூன்றே நாளில் ஆகா ஓகோ என்று புகழ்ந்து எழுதியது, அடியில் 'அச்சுச் செலவில் பாதி உங்களுடையது' என்று இருந்தது. அவர்கள் கையில் இருந்ததோ மூன்று அத்தியாயம்தான். புதிதாக எழுத வருகிறவர்கள் அசந்து போவது இந்த இடத்தில்தான், நானும் ஒரு ராத்திரி முழுக்க அசந்துதான் போயிருந்தேன். உங்கள் எழுத்து மேல் நம்பிக்கை இருந்தால் பணம் போட வேண்டியது அவர்கள். உங்கள் காசில்தான் போடுவது என்று முடிவு செய்துவிட்டால் அதை நீங்களே செய்துகொள்ளலாம், புகழ்ச்சிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஏழாவது இடம் 9,000 வார்த்தையைக் குறைத்தால் போடுகிறோம் என்றது. மாறனின் நண்பனுக்கு ஒரு தனிக் காதல் வைத்திருந்தேன், அதை அப்படியே எடுத்தேன். எடுத்த பிறகு யாருமே அவனைத் தேடவில்லை, அது கொஞ்சம் வலித்தது.

ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். ராயல்டி எத்தனை சதவீதம் என்பதோடு எதன் மேல் சதவீதம் என்றும் கேளுங்கள், அட்டை விலை மேலா, விற்பனையாளர் கழிவு போக மிஞ்சியதன் மேலா, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எனக்கு வந்த தாளில் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று ஒரே வரியில் இருந்தது. அச்சு உரிமை மட்டும் தருகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சரி" என்று விட்டுவிட்டார்கள்! ஒரு வாரம் தூக்கம் கெட்டது வீண்.

மின்னூலை நானே அமேசானின் சுயபதிப்புத் தளமான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்கில் ஏற்றினேன். அதற்கு ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் கட்டாயமில்லை, அவர்களே ஒரு எண் தருகிறார்கள். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம், 70 வேண்டுமென்றால் அவர்கள் சொல்லும் விலை வரம்புக்குள் இருக்க வேண்டும், அதற்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. அவர்களுடைய செலக்ட் என்கிற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவத்தை வேறு எங்கும் தரக்கூடாது. முதல் அட்டையில் சூரியன் மறைகிற பின்னணியில் ஒரு ஜோடி, கைபேசித் திரையில் நகக்கண் அளவுக்குச் சிறுத்ததும் ஆரஞ்சுக் கறை மாதிரி இருந்தது. கண்ணாடி விரிசல் விட்ட ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்து மாற்றினோம்.

புத்தகம் வந்த அன்று ஒன்றும் நடக்கவில்லை. உண்மையாகவே ஒன்றும் நடக்கவில்லை, ஆசிரியர் பிரதிகள் பத்து வந்தன, முகர்ந்து பார்த்தேன், மதியம் தூங்கினேன்.

பத்தொன்பதாம் நாள் முன்பின் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து செய்தி. ராத்திரி இரண்டு மணி வரை படித்தாராம். பிறகு ஒரு சந்தேகம்: "171ஆம் பக்கத்திலேயே ரெண்டு பேரும் 'நீ'க்கு வந்துட்டாங்களே, 203ல மாறன் திரும்பவும் 'நீங்கள்'னு சொல்றானே. இன்னும் கோபம் போகலையா?"

புத்தகத்தை எடுத்து 203ஐப் பிரித்தேன். பழைய வடிவத்திலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு 'நீங்கள்'. நானும், அக்காவும், மெய்ப்புப் பார்த்தவரும் கடந்து போயிருக்கிறோம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமாம், உள்ளே கொஞ்சம் இருந்தது" என்று பதில் எழுதினேன்.