அறிவினா, அறியாவினா: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 4, செவ்வாய்

தொண்டைக் கோளாறு, குரலுக்கு முழு ஓய்வு வேண்டுமாம். என் தமிழ் வகுப்புகளில் இன்று முதல் கரும்பலகையும் சைகையும் மட்டுந்தான். கிசுகிசுப்பதும் கூடாதாம், பேசுவதைவிட அது கெடுதல் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 5, புதன்

வீட்டில் எல்லோரும் என்னிடம் தலையசைத்து முடிக்கக்கூடிய கேள்விகளாகவே கேட்கிறார்கள். தோசையா உப்புமாவா, மாத்திரை போட்டாயிற்றா, மின்விசிறியை நிறுத்தட்டுமா என்று காலை முதல் இதேதான். எல்லாம் அக்கறையில் பிறந்த கேள்விகள்தாம். என் சிரமத்தைக் குறைக்கத்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனாலும் மாலைக்குள், சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்களோ என்ற எரிச்சல் வந்துவிட்டது. ஒரு தாளில் நான்கு வரி எழுதி நீட்டினால் முதல் வரியைப் படித்ததுமே “சரி, சரி” என்று எழுந்து போகிறார்கள்.

வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளிடம் வகுப்பறை கேட்பதும் இந்த வகைக் கேள்விகளைத்தான். “புரிந்ததா?” என்றால் “புரிந்தது, அம்மா” என்பதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன சொல்ல முடியும்? பேச முடியாதவருக்கு என்று ஒதுக்கப்படும் வினா, அவரை மேலும் பேசாதவராக்கிவிடுகிறது.

நவம்பர் 7, வெள்ளி

பத்தாம் வகுப்பில் வினா வகைகள். பேச்சில்லாமல் நடத்த இதைவிடப் பொருந்தாத பாடம் கிடைக்காது.

பவணந்தியார் நன்னூலில் வகுத்த ஆறையும் பலகையில் எழுதினேன்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. முதல் இரண்டுக்கும் பாடநூலில் “இந்தக் கவிதையின் பொருள் யாது?” என்ற ஒரே தொடர்தான் எடுத்துக்காட்டாக வருகிறது. மாணவரிடம் ஆசிரியர் கேட்டால் அது அறிவினா. ஆசிரியரிடம் மாணவர் கேட்டால் அறியாவினா. ஆண்டுதோறும் நடத்தும் பாடந்தான் என்றாலும், விளக்கம் சொல்ல முடியாமல் அந்தத் தொடரையே பார்த்துக்கொண்டு நின்றபோது, இலக்கண ஆசிரியர் எவ்வளவு நுட்பமாக இதைப் பிடித்திருக்கிறார் என்று வியந்தேன். சொற்களில் வேறுபாடு இல்லை, தொனியிலும் இருக்க வேண்டியதில்லை. கேட்பவருக்கு விடை முன்பே தெரியுமா என்பதை வைத்தே வகை மாறுகிறது. அறிந்தவர் அறியாதவரிடம் கேட்பது வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு விசித்திரமான செயல்! மணி என்ன என்று வழியில் ஒருவரைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதும் “மிகச் சரி, உட்காருங்கள்” என்று யாராவது சொல்வார்களா?

முன்வரிசைப் பெண் எழுந்து, ஆசிரியருக்கும் பொருள் தெரியாவிட்டால் அது என்ன வினா என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பலகையில் ‘அறியாவினா’ என்பதைச் சுட்டினேன். “அப்படி எந்த டீச்சரும் கேட்டதே இல்லையே, அம்மா” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. எடுத்துக்காட்டு கிடைக்கவில்லையே என்ற உண்மையான கவலை அவளுக்கு.

அதே நன்னூலின் பாயிரத்தில், பாடம் கேட்பவனுக்குரிய கடமைகளில் ‘வினாதல்’, ‘வினாயவை விடுத்தல்’ என்ற இரண்டும் வருகின்றன. கேட்பது மாணவன் கடன் என்று வைத்தார்கள். இப்போது அது ஆசிரியர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையாகிவிட்டது.

நவம்பர் 8, சனி

உறக்கம் வரவில்லை. பி.எட். காலத்துக் குறிப்பேட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். மைக்கேல் லாங், சார்லீன் சாட்டோ இருவரும் 1983இல் எழுதிய ஆய்வு அதில் இருக்கிறது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்புகளில் விடை தெரிந்தே கேட்கும் வினாக்கள் மிகுந்திருந்தன. வகுப்புக்கு வெளியே, தாய்மொழியினர் மொழி கற்பவர்களோடு உரையாடும்போது அவ்வகை வினாவே அரிதாக இருந்தது. அடுத்து, சிந்தியா பிராக் 1986இல் கண்டது: விடை தெரியாமல் கேட்கும் வினாக்களுக்கு மாணவர் தந்த விடைகள் நீளமாகவும் தொடரமைப்பில் செறிவாகவும் இருந்தன. அறிவினா, அறியாவினா என்ற பாகுபாடு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது என்று காலரைத் தூக்கிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் நாம் அதை இரண்டு மதிப்பெண் வினாவாக்கி மனப்பாடம் செய்யச் சொல்வதோடு நின்றுவிட்டோம். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வகுப்புக்குள் போய் எண்ணிப் பார்த்தார்கள்.

கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பற்றிய குறிப்பின் கீழ் அப்போதே சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன். வினா கேட்டபின் ஆசிரியர் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு நொடி. அதை 3 நொடியாக நீட்டினால் விடை நீள்கிறது, தாமாக முன்வந்து பேசுவோர் கூடுகிறார்கள். அவர் பார்த்தவை அமெரிக்க அறிவியல் வகுப்புகள். எனினும் ஒரு நொடி என்பதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

நவம்பர் 10, திங்கள்

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி தலைமையாசிரியர் சொல்கிறார். அதில் உரக்கக் கேட்கப்போவது என் “சரி, உட்கார்” மட்டுந்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

வினா வகைக்குப் பயிற்சியாகச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கதையளவில் எடுத்துக்கொண்டேன். கதை எல்லோருக்கும் தெரியும். பலகையில் ஒரே கேள்வியை எழுதினேன்: “கண்ணகி அவைக்கு வருமுன் பாண்டியன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது?” இதற்கு எந்தக் கையேட்டிலும் விடை இல்லை; என்னிடமும் முடிந்த முடிவாக ஒன்றும் இல்லை.

கடைசி வரிசைப் பையன், கோவலனையே அழைத்து “நீ யார்?” என்று கேட்டிருக்கலாம் என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வழக்கமாக அந்த இடத்தில் விழும் “சரி, உட்கார்” இன்று விழவில்லை. சரியா தவறா என்று தெரியாததால் அவன் உட்காரவில்லை, மீண்டும் பேசினான். திருடன் என்றால் இரண்டு சிலம்பையும் அல்லவா எடுத்திருப்பான், ஒற்றைச் சிலம்பை ஏன் விற்க வந்தான் என்று அரசனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்றான். உடனே ஒரு பெண், அதெல்லாம் வேண்டாம், பரல் முத்தா மாணிக்கமா என்று பொற்கொல்லனிடம் அன்றே கேட்டிருந்தால் போதும் என்றாள். இதுவா அதுவா என்று கேட்கும் ஐயவினா தானாக வந்து நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் சுட்டிக்காட்டவில்லை. இன்னொருவன், அரசி ஊடலில் இருக்கிறாள், அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் இருப்பவன் எப்படிக் கேட்பான் என்று அரசனுக்காக வழக்காடினான். அதற்கு முன்வரிசைப் பெண்ணின் மறுமொழி: “அப்போ கண்ணகியிடம் மட்டும் ‘யாரையோ நீ’ என்று கேட்டானே? அழுதுகொண்டு அவை நடுவில் வந்து நின்றால்தான் கேட்பானா?”

மொழியியலாளர்கள் சிங்கிளேரும் கோல்தர்டும் 1975இல் வகுப்பறைப் பேச்சை மூன்று படிகளாகப் பிரித்தார்கள்: ஆசிரியர் தொடங்குகிறார், மாணவர் விடையளிக்கிறார், ஆசிரியர் அதற்கு எதிர்வினை தருகிறார். நாம் முதற்படியையே மாற்றி மாற்றி அலங்கரிக்கிறோம். பயிற்சி வகுப்புகளிலும் சிந்தனையைத் தூண்டும் வினா அமைப்பது எப்படி என்று முதற்படியைப் பற்றித்தான் நீண்ட பேச்சு. ஆனால் எவ்வளவு திறந்த வினாவாயினும், முதல் விடை வந்தவுடன் “சரி” என்று சொல்லிவிட்டால், அது அந்தக் கணமே அறிவினாவாகிவிடுகிறது. ஆசிரியர் மனத்தில் ஒரு விடை இருந்தது, அது கிடைத்துவிட்டது என்று பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள். இன்று மூன்றாம் படி இல்லாததால் ஒருவர் விடைக்கு இன்னொருவர் எதிர்வினை தந்தார்.

இதைக் குரல் இருக்கும்போது செய்ய முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மெல்லக் கற்போருக்கான மாலை வகுப்பு. தேர்வில் ‘விடைக்கேற்ற வினா அமைக்க’ என்று ஒரு பகுதி வரும். நியாயமாகப் பார்த்தால் வினாத்தாளிலேயே மாணவன் வினவும் அரிய இடம் அது. அதற்கும் ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது: ஆள் பெயரை எடுத்துவிட்டு ‘யார்’ போடு, இடத்தை எடுத்துவிட்டு ‘எங்கு’ போடு, ஒன்றுமே தோன்றவில்லை என்றால் தொடரின் முடிவில் ‘ஆ’ சேர்த்துவிடு. பிள்ளைகள் அப்படியே செய்தார்கள்; மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கேட்பதற்கு ஏதும் இல்லாமலே வினாக்குறியை முறையாக இட்டுவிடுகிறார்கள்.

தொண்டையில் மாலை முதல் ஏதோ உறுத்துகிறது.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம், மிட்டாய், பேச்சுப்போட்டி, பாடம் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

ஓய்வுப் பாடவேளையில் புதிதாக வந்திருக்கும் ஆங்கில ஆசிரியையின் ஏழாம் வகுப்பில் பின்னால் அமர்ந்திருந்தேன். பேனாவைத் தூக்கிக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்றார், நாற்பது குரல்கள் ஒன்றாக “பென்” என்றன. தமிழ் வகுப்பில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. சிலப்பதிகாரத்தை இயற்றியவர் இளங்கோ... என்று இழுத்து நிறுத்துவோம். “வடிகள்” என்று வகுப்பு முடித்துவைக்கும். கூட்டுக் குரலில் யார் அறிந்தவர், யார் வாயசைத்தவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தப் பாடவேளை முழுவதும், ஒரு மாணவன் தன் தேவைக்காகத் தானே ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்?” உச்சரிப்பு தெளிவாக இருந்தது, தயக்கமே இல்லை. வகுப்பில் எல்லோரும் பிழையின்றிச் சொல்லக்கூடிய ஆங்கில வினாவும் அதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 19, புதன்

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, இயல் முடியவில்லை. அரட்டை நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்திருப்பதாகக் கேள்வி. அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு நியாயமும் உண்டு. அறிவினாவை நான் இழிவாக நினைக்கவில்லை. வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு, “இந்தப் பாடலில் எத்தனை எதுகை இருக்கிறது, காட்டு” என்ற கேள்வி கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தருகிறது. நான்கு பேர் முன்னால் தன் விடை சரியாக இருந்தது என்ற மகிழ்ச்சி அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை எடுத்தவுடன் “உன் கருத்து என்ன?” என்று நிறுத்தினால், “மிகவும் நல்ல கருத்து, அம்மா” என்ற மனப்பாட விடைதான் வரும். இரண்டு வகையும் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எப்போது எது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித்தராது.

மருத்துவரும் “வலி இருக்கிறதா, எரிச்சல் இருக்கிறதா” என்ற அளவில்தான் கேட்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் எழுதிக் காட்ட இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். தொண்டைக்குள் கருவி விட்டு மறுபடியும் ஸ்கோப் பார்த்தபின்தான் அறுவையா, பேச்சுப் பயிற்சியா என்று சொல்வாராம்.

நவம்பர் 20, வியாழன்

நாளை காலை ஸ்கோப். என் பாடவேளைக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை வருகிறார். அவருக்குக் குறிப்பு எழுதி மேசையில் வைத்துவிட்டேன்: பலகையில் இருக்கும் கேள்வியை அழிக்க வேண்டாம், அக்கா, முன்வரிசைப் பெண் எதிர்க்கேள்வி கேட்பாள், கேட்கட்டும், கடைசி வரிசைப் பையன் முதலில் சொல்வதோடு நிறுத்தமாட்டான், அவனை மட்டும் உடனே உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.