சதுசக் சந்தையில் யாரோ போட்ட கோட்டு

நேற்று நள்ளிரவுதான் பாங்காக்கிலிருந்து வந்து இறங்கினேன். கைப்பை 7 கிலோவைத் தாண்டுகிறது என்று விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். கூடுதல் பணம் கட்ட மனசு வரவில்லை. மூன்று சட்டை, அதற்கு மேல் ஒரு கம்பளிக் கோட்டு என்று வாங்கியதையெல்லாம் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க விமானம் ஏறினேன். தம்பி என்னைத் தெரியாதவன் மாதிரி நாலு ஆள் தள்ளி நின்றுகொண்டான்.

பாங்காக்கின் சதுசக் சந்தையில் பழைய துணி வாங்க எப்படிப் போவது, எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்போம்.

சதுசக் சந்தை களைகட்டுவது சனியும் ஞாயிறும்தான். மெட்ரோவில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் படியேறி வெளியே வரும்போதே சந்தைக்குள் இருப்பீர்கள். மேலே ஓடும் ரயில் என்றால் மோ சிட்டில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் துக்-துக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், ஏறினேன் பாருங்கள், அதுதான் விதி. 150 பாட் என்று பேசி ஏறினோம். பாதி வழியில் ஒரு தையல்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, "உள்ளே போய்ச் சும்மா பாருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்றார். பழைய துணி தேடி வந்தவர்களைப் பிடித்துப் புது கோட்டுக்கு அளவெடுக்கப் பார்த்தார்கள்! அரை மணி நேரம் போயிற்று. இறங்கும்போது 150 என்பது தலைக்காம். ஒரு பாட் நம் காசில் இரண்டரை ரூபாய்க்கு மேல். மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை போட்டால் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

சந்தைக்குள் 27 பிரிவுகள். கடைகள் 15,000 இருக்குமாம். முழுதும் சுற்றலாம் என்று ஆசைப்படாதீர்கள். பழைய துணி வேண்டுமென்றால் 5, 6 பிரிவுகளுக்கு நேராகப் போய்விடுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து, மேலே தகரம், உள்ளே அந்துருண்டை வாசம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கழித்துப் போட்ட துணிகள் மூட்டை மூட்டையாகத் தாய்லாந்துக்கு வருகின்றன. கம்போடிய எல்லையில் ரோங் குளுவா என்ற பெரிய சந்தையே இதற்காக இருக்கிறது. அங்கே மூட்டையைப் பிரித்துப் பொறுக்கி எடுத்து வந்துதான் பாங்காக் கடைக்காரர்கள் பலர் விற்கிறார்கள்.

ஹேங்கரில் அழகாக மாட்டி, மஞ்சள் விளக்குப் போட்டு, பாட்டு ஒலிக்கவிட்டிருக்கும் கடைகளில் காசைக் கொட்டாதீர்கள் என்பது என் கட்சி. அப்படி ஒரு கடையில், பிளாஸ்டிக் உறைக்குள் பொன்னாடை மாதிரி மடித்து வைத்திருந்த ராக் இசைக்குழு டி-சர்ட்டுக்கு 4,500 பாட் சொன்னார்கள். அசல் 80-களின் சட்டையாம். கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், இரட்டைத் தையல். அந்தக் கால அமெரிக்க டி-சர்ட்டுகளில் பெரும்பாலும் கைமடிப்பில் ஒரே வரிசைத் தையல்தான் ஓடும். இரட்டை ஊசித் தையல் பரவலானது 90-களின் நடுவில்தான். ஒற்றைத் தையல் இருந்துவிட்டால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது, போலி போடுகிறவர்களும் இதெல்லாம் படித்துத்தான் வருகிறார்கள். லீவைஸ் ஜீன்ஸ் என்றால் பின்பாக்கெட்டில் இருக்கும் சிவப்புத் துண்டைப் பாருங்கள். பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் 1971-க்கு முந்தியதாக இருக்கலாம். அந்தப் பெரிய E-யை வைத்து அதற்கு 'பிக் ஈ' என்று பெயர். அதைச் சொன்னதுமே கடைக்காரர் கண்ணில் ஒரு மின்னல் தெரியும், விலையும் ஏறும். வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

தரையில் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி வைத்த குவியல்தான் எனக்குச் சொர்க்கம். குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கிளறினேன். ஹவாய்ச் சட்டை ஒன்று: மார்புப் பையின் மேல் இருந்த பூ, சட்டையின் பூவோடு இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தது. அவ்வளவு பொறுமையாக வெட்டித் தைத்த துணி 120 பாட்டுக்குக் கிடைக்கும்போது, எதற்குப் புதுக்கடைப் பக்கம் போவது? "அக்கா, இதுக்குத்தான் ஃப்ளைட் ஏறி வந்தியா? எனக்குப் பசிக்குது" என்று தம்பி பிடுங்கி எடுத்தான். தேங்காய் ஓட்டில் வைத்துத் தரும் தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தேன். மேலே வறுத்த வேர்க்கடலை, அடியில் வழுக்கை. அந்த வெயிலுக்கு அமிர்தம்! அவன் இரண்டாவதும் கேட்டான், நானும் ஒன்று சாப்பிட்டேன், பட்ஜெட்டில் இன்னொரு ஓட்டை.

கோட்டு கடைசியில்தான் அகப்பட்டது. சாம்பல் நிறம், தோள் கொஞ்சம் பெரிசு. உள்பையின் மேல் ஏதோ நூல் வேலை தெரிந்தது. விரித்துப் பார்த்தால் மூன்று ஜப்பானிய எழுத்துகள், பொன்னிற நூலில். ஜப்பானில் கோட்டு தைத்துக்கொள்பவர்கள் உள்பக்கம் பெயரைப் பின்னிக்கொள்வது வழக்கம். அந்த நூலில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. கடைக்காரப் பெண் 350 என்றார். எனக்குத் தெரிந்த ஒரே தாய் வாக்கியம், "லொத் தாய் மாய்?" குறைக்க முடியுமா என்று அர்த்தம். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு 280-க்குக் கொடுத்தார். சிரிக்க வைத்ததற்கே 70 பாட் தள்ளுபடி.

ரூமுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது கை முழங்கைக்குப் பின்னால் பூச்சி அரித்த மூன்று ஓட்டைகள். சந்துக்குள் இருந்த குழல்விளக்கில் தெரியவே இல்லை. கையை உள்ளே விட்டு, மொபைல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். திருப்பித் தருவதெல்லாம் அங்கே கிடையாது.

ஹவாய்ச் சட்டையை அம்மா உடனே வாளியில் ஊறப்போட்டுவிட்டார். கோட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு போட்டதுடி? இருக்காங்களா, இல்லையா?" மூன்று எழுத்தைக் காட்டினேன். படிக்கத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. இப்போது அது மொட்டைமாடிக் கொடியில் தொங்குகிறது. மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் அனுமதியாம்.