மாமனுக்கு ஆகாத பிள்ளை

மார்ச் 9, 2025, ஞாயிறு

தங்கச்சிக்கு நள்ளிரவு தாண்டி 1.20க்கு ஆண் குழந்தை. அழவில்லை. வராந்தாவில் காத்திருந்த எங்களுக்கு அந்த ஒரு சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை. கதவு இடுக்கில் பார்த்தேன். நர்ஸம்மா குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடி ஒரு கப்பை அழுத்திப் பிடித்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். ஆப்கார் முதல் நிமிடத்தில் 2, ஐந்தாவது நிமிடத்தில் 4 என்று எழுதியிருந்தது. பிறந்தவுடன் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பத்துக்குப் போடும் மார்க் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. தங்கச்சியை அங்கேயே விட்டுவிட்டு நானும் மாப்பிள்ளையும் ஆம்புலன்ஸில் ஏறினோம். பரமக்குடி தாண்டும்போது பிள்ளை சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டினான், உதட்டைச் சப்பினான். பசிக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன். கூட வந்தவர், “வலிப்பு வருதுண்ணே” என்றார்.

உள்ளே எடுத்துப் போகும்போது மணி ஏழே முக்கால்.

மார்ச் 10

அம்மா போனில் அழுகிறது. கொடி சுற்றிப் பிறந்திருக்கிறானாம். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது, நேரே முகத்தைப் பார்க்காதே, முதலில் எண்ணெயில்தான் பார்க்க வேண்டும் என்கிறது. ராத்திரி முழுக்க அவன் முகத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டு வந்தேன்! ஆகாமல் போனது எனக்கா, அவனுக்கா? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது.

மார்ச் 14

தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் நடுவில், கை கால் அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பாதிப்பு இருக்கிறது. பிறக்கிற நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜனும் ரத்தமும் போதாமல் போனதால் வந்ததாம்.

அம்மா பஸ் ஏறி வந்திருந்தது. “கொடி சுத்துனதாலதானே டாக்டர்?” என்று கேட்டது. டாக்டரம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொடி சுற்றித்தான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பை இறுகும்போது பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையும், வலி விட்டதும் பிள்ளை தேறிக்கொள்ளும். இடைவெளியே இல்லாமல் வலி மேல் வலி வந்தால் தேற நேரம் கிடைக்காது. இவனுக்கு அதுதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அம்மா முப்பது வருசமாகத் தீவுப் பக்கம் பாசி எடுக்கிற ஆள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து மேலே வரும். மேலே வந்தால் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி முங்கும். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்போ மூச்சு வாங்க விடாம முக்கிட்டாங்களா, எம் பேரனை?”

டாக்டரம்மா அம்மாவின் தோளில் கை வைத்தார். வலி வர மருந்து ஏற்றிய பிறகு இடைவெளியே இல்லை என்று தங்கச்சி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டேன். எல்லாம் முறைப்படிதான் செய்தோம் என்றார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பை எப்போதெல்லாம் பார்த்தீர்கள், அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றேன். இன்னும் காட்டவில்லை. விடப்போவதில்லை.

மார்ச் 28

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். உறிஞ்சத் தெம்பில்லை. தங்கச்சி பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றுகிறாள். வலிப்புக்குப் பீனோபார்பிட்டோன் சிரப்.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இப்படிப் பிறந்த பிள்ளையை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்க ஆரம்பித்து, உடம்புச் சூட்டை 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. ஆக்சிஜன் போதாமல் போவது மூளைக்கு முதல் அடி, சில மணி நேரம் கழித்துச் செல்கள் மேலும் சாக ஆரம்பிப்பது இரண்டாவது அடி. இரண்டுக்கும் நடுவே மூளைக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த ஆறு மணி நேரம். நாங்கள் போய்ச் சேர அதைத் தாண்டிவிட்டது. பதினெட்டு நாளாக அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டு எழுத எத்தனை நிமிடம், வண்டி வர எத்தனை நிமிடம் என்று.

கிளம்பும் அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். பணக்கார நாடுகளில் அது பலன் தருகிறது என்றார். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்ததாம். குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். “அந்த நேரக் கணக்கை விட்டுடுங்க தம்பி, இனிமே செய்ய வேண்டியது நிறைய இருக்கு” என்றார்.

அப்படியே தங்கச்சியிடம் சொன்னேன். ஏழாம் மாசத்தில் தண்ணிக் குடம் தூக்கியதால்தானோ என்று அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 24

மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். மாப்பிள்ளை வீட்டில் இருப்பதால் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது. ராமநாதபுரத்தில் வியாழன்தோறும் பிசியோதெரபி. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கி வைத்திருக்கிறான். அதை இழுக்கக் கூடாது. மணிக்கட்டை லேசாக மடக்கி, பெருவிரலின் அடியைப் பிடித்து மெதுவாக விரித்தால் மற்ற விரல்கள் தானாக விரியும். வலை பின்னிக் காய்ப்புக் காய்த்த கையால் மாப்பிள்ளை அதை எவ்வளவு பதமாகச் செய்கிறார்! உள்ளங்கை ரேகைக்குள் அழுக்குச் சேர்ந்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார்.

“ரெண்டு வயசு வரைக்கும் பார்ப்போம், போகப் போகச் சரியாகிடும்” என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இரண்டு வருசம்தான் மூளை வேகமாக வளர்கிற காலம் என்கிறார் பிசியோ மேடம். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு கெடுவது) என்று பேர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாமாம். அழாமல் பிறந்து, வலிப்பு வந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

மே 22

காது பரவாயில்லை. கண்தான் கவலை. முகத்தைப் பார்க்கிறானா, வெளிச்சத்தைப் பார்க்கிறானா தெரியவில்லை. பளபளப்பாக ஏதாவது ஒன்றைக் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெதுவாக நகர்த்தச் சொன்னார்கள். எவர்சில்வர் டம்ளர், சிவப்பு ரிப்பன் எல்லாம் காட்டிவிட்டோம்.

ஜூன் 14, சனி

இன்று ராத்திரியோடு தடை முடிகிறது. மாப்பிள்ளை ஐஸ் ஏற்றப் போய்விட்டார்.

மூன்று மாசமாக அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்று நானே, “எண்ணெயை எடுத்துட்டு வாம்மா” என்றேன். நம்பிக்கை வந்து சொல்லவில்லை. அது தினமும் என்னைப் பார்க்கிற பார்வையில் பயம் இருந்தது. பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள, நான் குனிந்து எண்ணெயில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் வெயில் எண்ணெயில் பட்டு ஆடியது.

“அண்ணே, அசையாதே” என்றாள் தங்கச்சி.

பிள்ளையின் கண் கிண்ணத்தில் நின்றது. அம்மா கிண்ணத்தை இடது பக்கம் நகர்த்தியது. கண்ணும் கூடவே போனது. வலது பக்கம் நகர்த்தினால் பாதியில் விட்டுவிட்டான். மறுபடி இடது பக்கம் கொண்டுபோனோம், வந்தான்.

வியாழக்கிழமை மேடத்திடம் சொல்ல வேண்டும். கிண்ணத்தையும் கொண்டுபோகிறோம்.