கல்லறை எழுத்து படிக்கிற வேலை: இதுவரை

கிருஷ்ணகிரியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்துகளைப் படித்துப் படம் எடுத்து வருகிறேன். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. புதையல் தேடும் ஆசாமிகளும் இணையம் பார்க்கிறார்கள். ஏற்கனவே ஒரு கல்லறையின் மேல்பலகையைக் கடப்பாரை போட்டுக் கிளப்பிவிட்டார்கள். வெள்ளைக்காரனைத் தங்கத்தோடு புதைப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே செங்கல்லும் மண்ணும்தான். ஆடு மேய்க்கும் பாட்டி என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்: "என்னா சாமி, நீயும் புதையலுக்கா?"

பாராமஹால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து, ஊர் திரும்பாமல் போனவர்கள் நிறைய. சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-ல் பட்டியலாக வெளியிட்டார். தர்மபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டமாயின என்பதால், அதில் சேலத்தின் கீழ் தேட வேண்டும். ஆனால் வரலாற்று மதிப்பு உண்டு என்று பட்டதைத்தான் அவர் எடுத்தார். பெயர் தெரியாத சின்னக் கல்லறைகள் அதில் வராது. என் வேலை அங்கேதான் இருக்கிறது.

பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கிவிட்டு முதலில் செய்தது வழி உண்டாக்கியது. பார்த்தீனியம், உண்ணிச்செடி, அதற்கடியில் குவார்ட்டர் பாட்டில். கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். செங்கல் கல்லறை ஒன்றில் அரசமரம் வேர்விட்டிருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் கல்லறையே கையோடு வந்துவிடும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டேன், துளிர்க்கத் துளிர்க்க அறுக்க வேண்டும்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் எல்லாம். கிடைமட்டப் பலகையைக் காலை ஏழு மணி வெயிலில் பார்த்தால் சாய்ந்த ஒளியில் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். பன்னிரண்டு மணிக்கு அதே கல் வெறும் கல். வடக்கு பார்த்து நிற்கும் கற்களில் இந்த மாதங்களில் வெயில் அநேகமாக விழாது. அதற்கு வீட்டு பீரோவிலிருந்து கழன்ற நிலைக்கண்ணாடியைக் கொண்டு போனேன். நண்பர் தள்ளி நின்று வெயிலைப் பக்கவாட்டில் திருப்புவார், நான் படம் எடுப்பேன். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது எதுவும் தேவைப்படவில்லை.

கழுவ வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் பக்கத்தில் வரக்கூடாது. எலுமிச்சை, புளி என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, பளிங்கை எந்தப் புளிப்பும் அரித்துவிடும். இங்கே சில பளிங்குப் பலகைகளில் விரலை வைத்தாலே சர்க்கரை மாதிரி பொலபொலவென்று உதிர்கிறது. அவற்றைத் தொடாமல் படம் மட்டும் எடுத்தேன். நம்மூர்க் கருங்கல்லில் வெட்டியவை அப்படியே இருக்கின்றன.

ரொம்ப நேரம் பிடித்தது ஈய எழுத்துப் பலகை ஒன்று. பளிங்கில் சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கி எழுத்து பதிப்பது பழைய முறை. எடைக்குப் போட யாரோ ஈயத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், துளைகள் மட்டும் மிச்சம். அந்தப் புள்ளிகளை டிரேசிங் தாளில் எடுத்து, ஈயம் தப்பிய இரண்டு மூன்று எழுத்துகளோடு ஒப்பிட்டேன். ஆங்கில 'ஐ' என்றால் மேலும் கீழும் துளை, 'எம்' என்றால் முனைக்கு ஒன்று. குடும்பப் பெயர் இன்னும் பிடிபடவில்லை. வயது மட்டும் தெளிவு: பதினோரு மாதம்.

இவ்வளவு பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, திருட்டைவிட மராமத்துதான் அதிகம் அழித்திருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லுக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்துபோகிறது. இனாமல் பெயின்ட் குழிவெட்டு எழுத்தை நிரப்பிவிடுகிறது. பழைய வெள்ளைச் சுண்ணாம்பு எவ்வளவோ மேல். ஒரு கல்லில் அது தானாக உரிந்த இடத்தில், அடியில் உளி பட்ட விளிம்பு கூர்மையாகவே இருந்தது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்த யாரோ ஒருவர் தெரியாமலே காப்பாற்றியிருக்கிறார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எப்போதும் பெயின்ட் வேலை நடக்கும். இந்தத் தடவை பங்குத்தந்தை என்னையும் கூப்பிட்டுப் பேசினார். பெயின்டர் அண்ணனுக்குத்தான் மனசில்லை. "எழுத்துக்குக் கறுப்பு அடிச்சா பளிச்சுனு தெரியும் சார், நீங்க வேணாங்கறீங்க." கடைசியில் அடிமேடைக்கு மட்டும் சுண்ணாம்பு, எழுத்துள்ள கல்லைத் தொடுவதில்லை என்று முடிவானது. தொடக்கூடாத கற்களின் படங்களைப் பெயின்டர் அண்ணன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். மழை பிடிப்பதற்குள் வடக்கு வரிசையை முடிக்க வேண்டும்.